தயாபரன் சட்டை மாற்றப் போன நேரம்

ஆயர் ஈத்தாமில் எங்கள் மாடிக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும், யார் வழி, எந்த ஊர் என்று கேட்டுவிடுவேன். நாலு பேச்சுக்குள் ஏதாவது ஒரு ரப்பர்த் தோட்டத்திலோ கல்யாணத்திலோ உறவு வந்து முட்டிக்கொள்ளும். பைராம் தோட்டத்தில் பிறந்தவள் நான், எனக்கு முட்டாத இடம் குறைவு. தயாபரனிடம்தான் அது எங்கேயும் முட்டவில்லை.

"எந்தத் தோட்டம்ப்பா?"

"தோட்டமில்லை அம்மா. முல்லைத்தீவு."

"வீட்டுக்காரம்மா?"

"இங்க வந்தாப்பிறகு காய்ச்சலில போயிட்டா."

"அவங்க வழியில யாரும் இல்லையா?"

"ஒரு தம்பி இருந்தவன். பிடிச்சு அனுப்பிப்போட்டினம்."

மிச்சம் இருந்தது மகன் நிருஜன் மட்டும். அன்றைக்கு அவன் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பையன்.

அவர்களிடம் இருந்தது, அகதிகளுக்கு ஐ.நா. கொடுக்கிற யூஎன் கார்டு. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் வேலை செய்ய முடியாது, பையனை அரசாங்கப் பள்ளிக்கும் அனுப்ப முடியாது. ஆனால் சாப்பிடாமல் இருக்க முடியுமா? டவுனில் ஹபீப் முகம்மதுவின் நாசி கண்டார் சோற்றுக்கடையில், பின்கட்டில் தட்டு கழுவினார் தயாபரன். அந்த மைத்துனன் முன்னால் மேசை துடைத்தான். எங்கள் மாடிக்குக் குடிவருமுன் ஒருநாள் குடிநுழைவு அதிகாரிகள் வந்தார்கள். மைத்துனன் நேராகச் சந்துக்குள் ஓடியிருந்தால் தப்பியிருப்பான். அத்தானைக் கூட்டிக்கொண்டு ஓடலாம் என்று உள்ளே திரும்பினான், பிடிபட்டான். தயாபரன் அந்த நேரம் குப்பை கொட்டப் போயிருந்ததால் தப்பித்தார். தன்னைத் தேடி வந்துதான் அவன் மாட்டிக்கொண்டான் என்பதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை.

பையன் செஸ் கற்றுக்கொண்டது கண்ணாடி வெடித்த ஒரு பழைய கைப்பேசியில். தயாபரனுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. எதிர்வீட்டு லோகேஸ்வரி, என் பெரியம்மா பேத்தி, அவள்தான் பையனை இர்வானிடம் கூட்டிப்போனாள். இர்வான் வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்துகிறவன், தமிழ் முஸ்லிம் பையன், நல்ல வாய். அவனையே நிருஜன் தோற்கடித்துவிட்டானாம்.

"அக்கா, இவன் என் மானத்த வாங்கிட்டான்லா" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகனும் பஸ் ஏறிப் போட்டிக்குப் போவார்கள். போகும்முன் தயாபரன் மகனுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"விளையாடேக்க இடைக்கிடை என்னைப் பார். நான் நாற்காலியில இருந்தா விளையாடு. நான் இல்லையெண்டா எல்லாத்தையும் விட்டுட்டுப் பின்வாசலால வெளியில போ. என்னைத் தேடக் கூடாது. என்ன?"

"ஓம் அப்பா."

இது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்த விஷயம். எங்களுக்கெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. போட்டி முடிகிறவரை அவர் நாற்காலியை விட்டு எழும்ப மாட்டார். எழும்ப வேண்டி வந்துவிடும் என்று காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார். பையன் ஜெயிப்பான். ஆனால் பரிசு கொடுக்கிற நேரம் வந்தால் படம் பிடிப்பார்கள், பேப்பரில் போடுவார்கள். அதற்குள் இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். கோப்பைகளெல்லாம் இர்வான் வீட்டு அலமாரியில் கிடந்தன.

"ஏண்ணே, கோப்பையத் திருடுனவன் மாதிரி ஓடியாறீங்க? ஜெயிச்சதுதானே?" என்பாள் லோகேஸ்வரி.

"எங்களுக்கு ஜெயிச்சதே காணும் தங்கச்சி, வேறொண்டும் வேண்டாம்" என்பார்.

போன வருஷம் ஒரு நல்ல செய்தி வந்தது. ஒரு தனியார் பள்ளிக்கூடம், பெரிய போட்டியில் முதலாவது வருகிற பிள்ளையைப் படிப்பு முடியும்வரை தானே படிக்கவைப்பதாக அறிவித்தது. யூஎன் கார்டு இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்களாம். ஒரே நிபந்தனை, தகப்பனும் பிள்ளையும் மேடையில் ஏறி, எல்லாரும் பார்க்க அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இர்வான் எங்கள் நடைபாதையில் நின்று மன்றாடினான். "அண்ணே, எத்தன வருஷத்துக்கு ஒளிப்பீங்க? பையனுக்கு மீசை வரப்போவுது. இன்னும் ஒரு பள்ளிக்கூட வாசலப் பார்க்கல."

 தயாபரன் சொன்னார், "சரி தம்பி. நான் ஏறுறன்."

அந்தச் சமயத்தில்தான் அதிரா வந்தாள். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் என் சித்தப்பா மகள் தனலெட்சுமியின் கடைசிப் பெண், சினிமாப் படிப்பு படிக்கிறவள். இவர்களை வைத்து ஒரு சின்னப் படம் எடுக்கக் கேட்டாள். முகத்தைக் காட்டத் துணிந்துவிட்ட மனுஷன், அதற்கும் தலையாட்டினார்.

போட்டி அன்று அவள் மண்டபத்தில் ஒரு கேமராவை நிறுத்தி வைத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். கடைசி ஆட்டம். ஜெயித்தால் பள்ளிக்கூடம். நிருஜனுக்கு ஒரு குதிரை அதிகம் இருந்தது, எதிரில் இருந்த பையன் வேர்த்துக்கொண்டிருந்தான். இர்வான் குனிந்து தயாபரன் காதில் சொன்னான், "அண்ணே, முடியப்போவுது. மேடைக்கு ரெடியாவுங்க."

லோகேஸ்வரி தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை ஒன்றை, பஸ்ஸில் கசங்கிவிடும் என்று பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். அதை மாற்றக் கழிவறைக்குப் போனார்; கைக்கேமராவோடு அதிராவும் வாசல்வரை போனாள். ஊர் பார்க்க மகனோடு நிற்கப்போகிற சந்தோஷத்தில், தான் போட்ட சட்டம் அவருக்கே மறந்துபோனது.

நிருஜன் தலையைத் தூக்கினான். அப்பாவின் நாற்காலி காலி.

பலகையை ஒரு தடவை பார்த்தான். தோல்வியை ஒப்புக்கொள்கிற மாதிரி தன் ராஜாவைப் படுக்கவைத்தான், எதிர்ப் பையனுக்குக் கை கொடுத்தான், பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டான்.

தயாபரன் தலைகூட வாரிக்கொண்டு வந்தபோது அந்த மேசையில் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பையன் வெளியே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் குந்தியிருந்தான். அப்பா நீலச் சட்டையில் வருவதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்னடா நடந்தது?"

"பிழை விட்டுட்டன் அப்பா. தோத்துட்டன்."

மகனை ஒரு சொல் கடிந்திராத மனுஷன் அன்றைக்கு நடுரோட்டில் கத்தினார். "என்ர வாழ்க்கையில ஒரு நாள், ஒரே ஒரு நாள் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தன். அதையும் கெடுத்துப்போட்டாய்."  பள்ளிக்கூட இடம் மற்றப் பையனுக்குப் போயிற்று. இர்வான் வந்து கேட்டபோதும் நிருஜன் கவனம் பிசகிவிட்டது என்றுதான் சொன்னான். அதற்குப் பிறகு செஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கொஞ்ச நாளில், அப்பாவோடு ஹபீப் கடைப் பின்கட்டில் வெங்காயம் உரிக்கப் போக ஆரம்பித்தான்.

இந்த வருஷம் படம் முடிந்தது. தயாபரன் கேட்டுக்கொண்டபடி இரண்டு பேருடைய முகத்தையும் அதிரா மங்கலாக்கியிருந்தாள். எங்கள் மாடிக்குக் கீழே பொது மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிச் சாயங்காலம் போட்டுக் காட்டினாள். ஹபீப் முகம்மது தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார்.

படத்தில் கண்ணாடி முன்னால் ஒரு ஆள் நீலச் சட்டைக்குப் பொத்தான் போடுகிறார். மேல் பொத்தானைப் போடுவதா விடுவதா என்று போட்டுப் போட்டுக் கழற்றுகிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்து போட்டி மண்டபம். பையனின் தலை நிமிர்ந்து திரும்புகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு வெறும் நாற்காலி. ராஜா படுக்கிறது. அதிராவுக்கு அதன் அர்த்தம் தெரியாது, நடந்ததை நடந்த வரிசையில் ஒட்டியிருந்தாள், அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்தில் இருந்த தயாபரன் முன்னால் சாய்ந்தார்.

"பிள்ளை, அந்த இடத்தை இன்னொருக்காப் போட ஏலுமோ?"

போட்டாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் போட்டாள். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"நீ தோக்கேல்லை."

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் உன்னை அவ்வளவு பேசினனான். ஏனடா சொல்லேல்லை?"

"சொன்னா, மாமாவை நினைச்சு அழுற மாதிரி இதையும் நினைச்சு அழுவியள்."

தயாபரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வெங்காயமும் சோப்பும் தின்ற கை. விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அதையே தடவிக்கொண்டிருந்தவர், பிறகு சொன்னார், "ஞாயிற்றுக்கிழமை இர்வான் தம்பியிட்டப் போவம். நான் வந்து கதைக்கிறன். இனியும் ஒரு போட்டி வரும்தானே."

நிருஜன் கையை மெல்ல எடுத்துக்கொண்டான். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை ஏலாதப்பா. கடையில சனம் கூடுற நாள். முதலாளி வரச் சொல்லியிருக்கிறார்."