துரை விற்றுப்போன வண்டி

மஸ்கெலியாவுக்கு மேலே, என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த தோட்டத்தின் பெரிய துரை சீமைக்கே திரும்பிப் போகிறார், வண்டியை விற்கிறார் என்ற சேதி வந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. எங்களுக்கு ஹட்டன் கடைவீதியில் மளிகைக்கடை. சாமான் ஏற்ற ஒரு லொறி இருந்தது. அது போதாதா என்று கேட்டேன்.

"லொறில போறவன லொறிக்காரன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

அது இரண்டே கதவுள்ள வண்டி. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, உள்ளே சிவப்புத் தோல் இருக்கைகள், ஸ்டியரிங்குக்கு முன்னால் வார்னிஷ் மின்னும் மரப்பலகை. முன்னால் இரண்டு பேர் சாய்ந்து உட்காரலாம். பின்னால் குறுகலாக ஒரு இருக்கை, அது துரையின் நாய்க்கானது. நாங்கள் வாங்கி எத்தனையோ மாதம் கழித்தும் அந்தத் தையல் இடுக்குகளிலிருந்து நாய் மயிரைப் பொறுக்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரருடைய கூட்டாளிகள் யாராவது வந்தால் நான் பின்னால்தான் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

வண்டியை எடுக்கப் போன அன்று பங்களா வாசலில் துரைசாணி அதன் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. வேலையை விட்டு நிறுத்தி லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்ன குடும்பங்களுக்காக அந்தக் கண் கலங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் வீட்டுக்காரரிடம், "நன்றாகப் பார்த்துக்கொள்" என்று இங்கிலீஷில் சொன்னார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தேயிலைக்கு நடுவே இறங்கி வந்தோம். தூறல். அந்தக் காலத்தில் துரையின் வண்டி வந்தால் ரோட்டில் போகிறவர்கள் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்கிவிட வேண்டும். வண்டி கைமாறியது யாருக்கும் தெரியாது. கூடையோடு வந்த பெண்கள் மளமளவென்று கானில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் அவசரமாகக் குடையை மடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கித் தலையைக் குனிந்து நின்றார். என் அப்பா.

"அப்பா நிக்கிறாரு. நிறுத்துங்க."

"எறக்கத்துல நிறுத்தச் சொல்றியே, சறுக்குனா?"

என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஹாரனை இன்னொரு தரம் அடித்தார். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வளைவு திரும்பும்வரை அப்பா நிமிரவில்லை.

அடுத்த வாரம் அப்பா பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அழுதேன். அவர் சிரித்தார்.

"தொர வண்டின்னு நெனச்சுட்டேன் தாயி. அதுக்குப் போயி அழுவாங்களா? நம்ம மருமகனுக்குத்தானே எறங்கி நின்னேன்."

ஆனால் அந்த வண்டியில் மட்டும் அவர் ஏறவே இல்லை. காலெல்லாம் சேறு என்பார். பஸ் வந்துவிடும் என்பார். என் வீட்டுக்காரரோ அந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "மாமனாரே கான்ல எறங்கிட்டாரு!"

ஒரு ஏப்ரல் மாதம் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனார். குதிரைப் பந்தயக் காலம், ஊரெல்லாம் பூவும் கொழும்புக்காரர்களும். துரைமார்களின் கிளப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். காவல்காரன் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "மாத்தயா கோ?" என்றான். ஐயா எங்கே என்று கேட்கிறான். இது என் வண்டி என்று இவர் சிங்களத்தில் சொன்னார். அவன் நம்பவில்லை. டிரைவர்மார் வண்டி நிறுத்துகிற பக்கத்தைக் கையால் காட்டினான். இவர் வண்டியைத் திருப்பினார். நேரே ஹட்டனுக்கே ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் குழம்பில் புளி கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளினார். அதற்குப் பிறகும் துணியை நனைத்து வண்டியைத் துடைப்பது நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாகத்தான் துடைத்தார்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தோட்டத்து ஆள் ஒருவர் காலை முதல் பஸ்ஸில் ஓடிவந்தார். "டிஸ்பென்சரில முடியாதாம். ஹட்டனுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க."

என் வீட்டுக்காரர் யோசித்தார். "மழைல அந்த ரோடு பேந்து கெடக்கும். கல்லு அடில அடிச்சு எண்ணெத் தொட்டி ஒடஞ்சா சீமையிலருந்துதான் சாமான் வரணும். லொறி மத்தியானம் கொழும்புலருந்து வந்துரும். அதுல ஏத்திக்கலாம்."

"அதுவரைக்கும் தாங்குமாங்க?" என்று கேட்டேன்.

"தாங்கும் தாங்கும். ஒங்கப்பா கட்டையான ஒடம்பு."

நான் அந்த ஆளோடு பஸ்ஸில் போனேன். லொறி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சாக்குகளை விரித்து அப்பாவைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். லொறிக்குள் வெங்காய வாடை. நோர்வுட் தாண்டியதும் என் கையைப் பிடித்திருந்த அவர் கை தளர்ந்தது. டிரைவரிடம் தட்டிச் சொன்னேன். அவர் ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து பார்த்துவிட்டு லொறியைத் தோட்டத்துக்கே திருப்பினார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். காரில் வந்தார். பேந்து கிடந்த அதே ரோட்டில், அதே கற்களின்மேல், அப்பாவின் வீட்டு வாசல்வரை. என் சின்னம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "பாத்தியா, மாப்பிள்ள கார்லயே வந்துட்டாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் பெருமையாகச் சொன்னாள். நான் எழுந்து போய்க் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எல்லோரும் எனக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அதன்பிறகு நான் அதில் ஏறவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

சில வருஷத்தில் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. கியர்பெட்டியில் ஏதோ உடைந்தது, மாற்றக் கிடைக்கவில்லை. வண்டி கடைக்குப் பின்னால் படங்கு போர்த்தி நின்றது. மழையில் தோல் இருக்கைகளில் பூஞ்சை ஏறியது. கடைசியில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அதை விலைக்கு வாங்கி, எங்கள் லொறியின் பின்னாலேயே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. என் அப்பாவை எடுத்த அன்று, மஸ்கெலியா ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தவர் அவர். வண்டி போன அன்றோ சோற்றைக் கொண்டுபோய் வைத்தால், "வேணாம், எடுத்துட்டுப் போ" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண் சிவந்திருந்தது. நான் வற்புறுத்தவில்லை. அவர் பங்கை மூடிவைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து என் சோற்றைச் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.