விசில் நின்ற மத்தியானம்

எங்கள் தெருவில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் அண்ணனுக்குக் காதுதான் எல்லாம். மெஷினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "பாபின் கேஸ் தேஞ்சிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் அவர் சொன்னபடியே இருக்கும். கடகட சத்தம் நின்றால் வேலை முடிந்தது. முப்பது வருஷமாக அந்தக் கர்வத்திலேயே வாழ்ந்த மனுஷன். பக்கத்துக் கடையில் துணி தைக்கும் நானும் அவரைத் தூக்கிவைத்துப் பேசியவள்தான். என் வாயைத்தான் முதலில் தைக்க வேண்டும்.

அவருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் வாண்டு. நான்கு வயது. சளி பிடித்தால் போதும், இழுப்பு வந்துவிடும். அன்று காலையிலிருந்தே நெஞ்சில் விசிலடித்தது. பம்ப் மருந்து இரண்டு முறை கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி கெஞ்சினாள்.

"இருடி, நான் கேட்டுச் சொல்றேன்" என்று மகளின் முதுகில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் விசில் நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் கடை வாசலுக்கே வந்து, "சத்தம் அடங்கிடுச்சும்மா! அசந்து தூங்குறா" என்றார். நானும் அப்பாடா என்றேன். பாவி, நான் ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கக் கூடாதா?

சற்று நேரத்தில் அண்ணி அலறினாள். ஓடினோம். குழந்தை தூங்கவில்லை, துவண்டு கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டே டாக்டரம்மா கத்தினார்: "சத்தம் நின்னா சரியாயிடுச்சுன்னு யாருங்க சொன்னது? விசிலடிக்கிற அளவுக்குக்கூட காத்து உள்ள போகல!"

அண்ணன் கட்டிலோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மூச்ச இழுடா தங்கம். அந்த விசில் சத்தம் வரட்டும்டா. அது நிக்கணும்னு அப்பா இனிமே நெனைக்கவே மாட்டேன்" என்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

முகமூடி வழியாக மூன்றாவது முறை புகை மருந்து கொடுத்த பிறகு, டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"லேசா விசில் வருது. இன்னும் ஆபத்து தாண்டல. ஆனா காத்து போக ஆரம்பிச்சிருக்கு. நீங்களே கேக்குறீங்களா?"

அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேணாம்மா. என் காத நம்பாதீங்க."

அண்ணிதான் வாங்கிக் கேட்டாள்.