ரோட்டைப் பார்த்த ஒலிபெருக்கி

விழுப்புரத்தில் காலை பஸ் ஏறும்போதே அன்றைய களைப்பில் பாதி எனக்கு வந்துவிடும். மீதி திண்டிவனத்தில் இறங்கும் இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். என்கூட தினமும் வருகிற ஒரு நர்ஸம்மா ஒருநாள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "ஒடம்பு பஸ்சுல ஏறிடுச்சிக்கா. உசுரு இன்னும் வூட்டுல காப்பி குடிச்சிக்கினு இருக்குது." இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் எனக்கு மோர் குடித்த மாதிரி இருக்கும். நான் பத்தாவதோடு நின்றவள். அதற்குமேல் படித்ததெல்லாம் பஸ்ஸிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஜனங்கள் வாயிலிருந்து கேட்டதுதான்.

எனக்கு வேலை ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்து ஆபீஸில். பீஸ் ரசீது போடுவது, வருகிறவர்களை உட்கார வைப்பது, போன் எடுப்பது. டீச்சர் இல்லை என்றாலும் பிள்ளைகள் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடும். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற வேலையும் என் தலையில்தான். உலகச் செய்தியை ஒரு பிள்ளை வாசித்துவிடும். நான் வாசிப்பது எங்கள் ஜனங்களின் செய்தி. வேன் டிரைவருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், ஏழாம் வகுப்பு மாணவனின் தாத்தா தவறிவிட்டார், சத்துணவு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிறிஸ்தவர், இந்து என்ற பேதம் அதில் கிடையாது. யாராக இருந்தாலும் பேருக்கு முன்னால் திரு, பின்னால் அவர்கள். சுவரில் 'அன்பு, மரியாதை' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதினது பழையபடி வெளுத்துப்போகும், வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பார்கள்.

நான் வாசித்து முடித்ததும் ஒரு பிள்ளை மைக்குக்கு வந்து, அந்தச் செய்தியில் உள்ளவர்களுக்காக மனசிலிருந்து ஜெபம் செய்யும். எழுதி வைத்துப் படிக்கக்கூடாது, வாயில் வருவதைச் சொல்லவேண்டும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். குழந்தைகள் வேண்டுவதைக் கேட்டால் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும். ஒரு பையன் ஒருமுறை, "ஆண்டவரே, வேன் டிரைவர் அண்ணன் பேத்திக்கு வேன் ஓட்டத் தெரியணும்" என்று வேண்டினான்.

குழாய் ஒலிபெருக்கி முகப்புக்கு மேலே, ரோட்டைப் பார்த்தபடி கட்டியிருந்தது. பிள்ளைகள் மைதானத்தில் நிற்பார்கள், மைதானத்துக்குப் பின்னால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டுக்கு எதிரே டீக்கடை. பிள்ளைகளுக்குக் கேட்பது அத்தனையும் டீக்கடைக்கும் கேட்கும். பக்கத்திலிருக்கும் தையற்கடைக்காரர் என்னைப் பார்த்தால், "யம்மா, நேத்து சொன்னீங்களே அந்தப் பெரியவரு, காரியம் என்னைக்கு?" என்பார். பெரியவரை அவருக்குத் தெரியாது. தெரியாதவரின் காரியத்தைக் கேட்டு வைத்துக்கொள்வதும் ஒரு அன்புதானே. ரோட்டில் மற்றவர்களுக்கு என் முகம் தெரியாது. குரலைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

போன மாசிக் காலத்தில் ஒரு காலை. பத்தாம் வகுப்பின் முறை. நான் செய்தி வாசித்து இறங்கினேன். ஒரு பெண் பிள்ளை மைக்குக்கு வந்தாள். நல்ல பிள்ளை, யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் டிபனைக் கொடுத்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்காகவும் வேண்டினாள். கடைசியில் குரல் உடைந்தது. பக்கத்து பெஞ்சு தோழியின் பெயரைச் சொன்னாள். "அவளோட அப்பா குடிச்சிட்டு வந்து சத்தம் போடறதால அவளால ராத்திரியில படிக்க முடியல ஆண்டவரே. அவர நீங்கதான் நிறுத்தணும்" என்றாள்.

மைதானமே "ஆமென்" என்றது.

தோழியும் வரிசையில்தான் நின்றாள். அவள் ஆமென் சொல்லவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம் போவதற்குள் பெல் அடித்துவிட்டார்கள்.

அவளுடைய அப்பா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வரத்து உள்ள நாட்களில் அவரும் கூட்டாளிகளும் அந்த எதிர்க்கடையில்தான் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அன்றைக்கும் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். மகளின் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் சந்தோஷமாக நிமிர்ந்தாராம், பரிசு ஏதோ கொடுக்கிறார்கள் என்று. இதை எனக்குப் பிறகு சொன்னது டீக்கடைக்காரர். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கூட்டாளிகள் விடுவார்களா?

"யோவ், உனக்கு ஊர்பட்ட புள்ளைங்க சப்போர்ட்டுய்யா! கட்டிங் அடிக்கும்போது சொல்லு, நாங்களும் ஆமென் சொல்றோம்."

ஒருவன் செல்போனில் பதிவு செய்து அவர்கள் குரூப்பிலும் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் கமிட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவர் பெண் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவள் அம்மா போன் செய்து என்னிடம் சொன்னார்: "டிசி குடுத்துடுங்க மேடம். அந்த ஸ்கூலு வாசப்படி இனிமே மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு." அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. அது போனால் பரீட்சையே தகராறில் முடியும். பிறகு அந்த வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தலைமை ஆசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டார். "நீங்க ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வாங்களேன்" என்றார். இந்த 'ஒரு எட்டு' எப்போதும் எனக்கே வரும். டீச்சர் போனால் விசாரணை, அம்மாவே போனால் ஊர் கூடிவிடும், நான் போனால் யாரோ வந்துபோன மாதிரி இருக்கும். ஜெபம் செய்த பிள்ளை ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நல்லதுக்குத்தானே மிஸ் வேண்டினேன்?" என்றாள். நல்லதுக்குத்தான்டி என்றேன். நல்லதுக்குத்தான்.

அன்றைக்கு நான் மிகவும் அசந்துபோயிருந்தேன். முழங்கால் வலி வேறு. மயிலம் ரோட்டுப் பக்கம் ஷேர் ஆட்டோவில் இறங்கி, காலனிக்குள் விசாரித்துக்கொண்டு போனேன். தொகுப்பு வீடு, முன்னால் ஒரு முருங்கை. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். கோபமாக இருக்கிறவர் மரியாதையும் செய்யும்போது நமக்குப் பேச்சு வருவதில்லை.

நான், "வணக்கங்க. ஸ்கூல்லேர்ந்து" என்றதும் முகம் மாறியது.

"செய்தி சொல்றவங்களா நீங்க?"

"ஆமாங்க."

"குரலு தெரியுது. தினம் கேக்கறன்." மறுபடி வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "குடிக்கிறன். இல்லைங்கல. ஒடம்பு வலிக்கு ஆரம்பிச்சது, இப்ப வலி இல்லன்னாலும் குடிக்கிறன். எம் பொண்டாட்டி திட்டறா, கேட்டுக்கறன். எம் பொண்ணு பேசாம மூஞ்சத் திருப்பிக்கறா, அது திட்டறதவிட பேஜாரு, அதையும் கேட்டுக்கறன். ஆனா எங்க வூட்டு விஷயத்த டீக்கடையில வந்து ஏம்மா ஒக்கார வெச்சீங்க?"

கதவுக்குப் பின்னால் பெண் நிற்பது தெரிந்தது. அவள் பாவாடைக் கரை மட்டும் தெரிந்தது.

"சின்னப் புள்ளைங்க, பாசத்துல சொல்லிடுச்சி. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வேணும்னா எல்லார் முன்னாடியும் மைக்குல வருத்தம் தெரிவிக்கறேன்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயோ, மறுபடியும் மைக்கா! முந்தாநாளு கேக்காதவனும் கேட்டுக்குவான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கு அந்தச் சிரிப்பு போதும் போல இருந்தது, எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று. ஆனால் வந்த வேலை முடியவில்லை.

"அப்ப உங்களைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லட்டுமா? வெள்ளத்தப்ப நீங்களும் உங்க ஆளுங்களும் வந்து ஸ்கூல் அரிசி மூட்டையெல்லாம் மாடிக்கு ஏத்திக் குடுத்தீங்களே. அத சொல்றோம்."

"வேணாம். நல்லதும் சொல்லாதீங்க, கெட்டதும் சொல்லாதீங்க. நல்லது சொன்னா, ஏன் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்." துண்டை மடித்தார், பிரித்தார். "ஜெபம் பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லல. பண்ணட்டும். சாமிக்குக் கேக்கட்டும். ரோட்டுக்கு ஏன் கேக்கணும்? அந்தக் கொழாயத் திருப்பி வைங்க. பொண்ண அனுப்பறன்."

ஆட்டோவில் திரும்பும்போது அதை யோசித்துக்கொண்டே வந்தேன். 'சாமிக்குக் கேக்கட்டும், ரோட்டுக்கு ஏன் கேக்கணும்.' எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஒன்றிலும் இப்படி வந்ததில்லை.

தலைமை ஆசிரியை அம்மா உடனே சம்மதிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். "அந்த ரோடு முழுக்க நம்ம செய்தியைக் கேக்குது. போன வருஷம் ரத்தம் வேணும்னு நீங்க வாசிச்சப்ப டீக்கடையிலேர்ந்துதானே முதல் ஆள் வந்தாரு? அதை நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார்.

"நிறுத்த வேணாம்மா, திருப்பிடலாம். நல்லது போற வழியிலதான் இதுவும் போகுது. நமக்கு எதுன்னு பிரிச்சி அனுப்பத் தெரியல" என்றேன். "புள்ளைங்ககிட்ட 'பாத்துப் பேசு'ன்னு சொன்னா, அப்புறம் எழுதி வெச்சித்தான் ஜெபம் பண்ணும். அதுவும் வேணாம். கொழாதான் திரும்பலாம்."

அவர் மேஜைமேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அசதிதான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல தூக்கம் பாக்கியிருந்தது. "செய்முறை என்னைக்கு?" என்று கேட்டார். "திங்கக்கிழமைம்மா" என்றேன். "எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்றார்.

முகப்பிலிருந்து ஒலிபெருக்கியைக் கழற்றி, மதிலோரம் வேப்பமரத்தில் பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி கட்டினார்கள். சத்தமும் குறைத்தாயிற்று. முதல் இரண்டு மூன்று நாள் சின்னப் பிள்ளைகள் நான் முன்னால் பேசப் பேச, குரல் முதுகுப் பக்கம் வருகிறதே என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தோழிகள் இருவரும் திங்கட்கிழமை ஒரே வரிசையில் நின்றார்கள். பேசிக்கொள்ளவில்லை. செய்முறை முடிந்து வரும்போது ஒருத்தி கையில் இன்னொருத்தியின் தண்ணீர் பாட்டில் இருந்தது.

ரோட்டில் என் குரல் இல்லாமல் போயிற்று. தையற்கடைக்காரர், "இன்னாம்மா, மைக்கு ரிப்பேரா?" என்றார். மாத்தி வெச்சிருக்குதுங்க என்றேன். "ஒருத்தரு செத்தாலும் பொறந்தாலும் இப்ப தெரிய மாட்டேங்குது" என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. ஒரு சின்னப் பெருமை இருந்தது, அதையும் மரத்தில் கட்டியாயிற்று.

கொஞ்ச நாள் கழித்து, காலையில் பஸ் இறங்கி கேட்டுக்குள் நுழையப் போகிறேன், ரோட்டைக் கடந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். தோளில் மூட்டைக்குப் போடும் சாக்கு. முந்தின இரவின் வாசம் லேசாக இருந்தது.

"யம்மா, இன்னிக்கு இன்னா செய்தி?"

"கேக்கலியா உங்களுக்கு?" என்று வாய் தவறி வந்துவிட்டது. பிறகு இருவரும் சிரித்தோம்.

"கேக்காமத்தான் டீ எறங்க மாட்டேங்குது. நானே கொழாயத் திருப்பச் சொல்லிட்டு நானே வந்து நிக்கறன் பாருங்க. ஜல்தியா சொல்லிட்டுப் போங்க."

கைப்பையை இறக்கி வைத்து, அன்றைய செய்தியை மெதுவாகச் சொன்னேன். அன்றிலிருந்து வேலை உள்ள நாட்களில் அவர் வந்து நிற்பார். எனக்குச் செய்தி வாசிப்பது இரண்டு தடவை ஆயிற்று, ஒன்று கேட்டில், ஒன்று மைக்கில். கால் கடுக்கும். எதை டீக்கடைக்குக் கொண்டுபோகலாம், எது வேண்டாம் என்று அவரே பிரித்துக்கொண்டு போவார். தாத்தா தவறினதை அங்கே சொல்வார். யாருக்கோ வேலை போனதைச் சொல்ல மாட்டார்.

பரீட்சை நெருங்குகையில் ஒருநாள் அவரே ஆரம்பித்தார். "எங்க வூட்டுது ஒண்ணு இருக்குது. பொண்டாட்டிக்கு கர்ப்பப்பை எடுக்கணும்னுட்டாங்க. வியாழக்கிழமை ஆபரேஷன்."

"அப்படியா! இன்னிக்கே வாசிக்கறங்க. புள்ளைங்க ஜெபம் பண்ணும்."

"இருங்க இருங்க. அவளக் கேக்காம வேணாம். கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்றன்."

மறுநாள் வந்தார். "ஜெபம் பண்ணட்டும்னா. பேரு வேணாம்னுட்டா. பொண்ணு பேரும் வேணாமாம்."

அன்று காலைக் கூட்டத்தில், பிறப்பும் இறப்பும் வாசித்த பிறகு, "நம்மில் ஒரு குடும்பத்தில் ஒரு அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். அவர்களுக்காக வேண்டிக்கொள்வோம்" என்று மட்டும் வாசித்தேன். அன்று ஜெபத்துக்கு வந்தது ஆறாம் வகுப்புப் பையன். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து, "யாரு மிஸ் அந்த அம்மா?" என்றான்.

"ஒரு அம்மாடா. வேண்டிக்கோ."

அவன் மைக்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அந்த அம்மா யாருன்னு மிஸ் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களே பாத்துக்கோங்க" என்றான்.

பத்தாம் வகுப்பு வரிசையில், முன்பு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் குரல் தனியாகக் கேட்டது. "ஆமென்" என்றாள். நான் தாளை மடித்து வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அன்றைக்கு பீஸ் கட்ட நிறையப் பேர் வந்திருந்தார்கள்.