லைனுக்கு மேலே தொங்கிய கயிறு

நெடுஞ்சாலையில் அந்த ஜப்பான் கார் போனால் மற்றவர்கள் வண்டியைப் பார்ப்பார்கள். எனக்கு ஒரு சிவப்பு நைலான் கயிறுதான் கண்முன் வரும். ராணிப்பேட்டைப் பக்கம் நான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பில், கார் சீட்டுத் தோலுக்குச் சாயம் அடிக்கும் லைனுக்கு மேலே அதைக் கட்டியவர் எங்கள் சூப்பர்வைசர் பாய்.

அந்த ஜப்பான் கார் கம்பெனியின் சரித்திரம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முதலில் தறி செய்த குடும்பமாம். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறி. மகன் கார் செய்ய இறங்கிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. தப்பு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். இதையே சொல்லிச் சொல்லி எங்கள் முதலாளியையும் கரைத்துவிட்டார் பாய். கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், லைன் நிற்கும். இழுத்தவனைத் திட்டமாட்டார், டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் அவர் வந்து கண்ணால் பார்க்கும்வரை யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது. அசைந்தால் தப்பு எங்கே நடந்தது என்று தெரியாமல் போய்விடுமாம். முதலில் கிண்டலடித்தோம், பிறகு பழகிப்போனது.

ஒருநாள் கழிவுநீர்த் தொட்டியின் பம்ப் நின்றுவிட்டது. கோளாறு நடந்த இடத்துக்குத் தானே போய்ப் பார்ப்பதும் அவர் அந்தக் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்ட பாடம். ஏணியில் இறங்கியவர் விஷவாயு தாக்கி உள்ளே விழுந்தார். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா கத்தியது, தோல் போட்டுச் சுற்றும் டிரம்கள் உருளும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்த அம்மா ஓடிவந்து, வாசலோரம் தொங்கிய கயிற்று நுனியை இழுத்துவிட்டு, நாங்கள் பின்னாலேயே வருவோம் என்று நம்பித் திரும்பி ஓடினார்.

மணி அடித்தது. லைன் நின்றது. நாங்களும் நின்றோம். பக்கத்தில் இருந்தவன் தோலைப் புரட்டிப் பார்த்தான்; ஒரு குறையும் இல்லை. இழுத்தது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த அம்மா மறுபடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஓடினோம். தீயணைப்பு வீரர்கள் பாயை மேலே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை.

முதலாளி கயிற்றை அறுத்துப் போடச் சொன்னார். இப்போது லைன் எதற்கும் நிற்பதில்லை. போன மாதம் வாலாஜாபேட்டைக் கடைத்தெருவில் பாயின் மனைவி பாபியைப் பார்த்தேன். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"மணி அடிச்சிச்சாமே. அப்புறமும் யாருக்காவ நின்னுன்னு இருந்தீங்க?"



"பாய் வருவாருன்னுதான் நின்னோம், பாபி."