மூன்றாவது ஜெபக்குறிப்பு

கலிபோர்னியாவின் சன்னிவேலில் வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் போய்க்கொண்டிருந்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் கடவுளுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஒரு குடும்பம் லிவர்மோரில் வாங்கத் துடித்த வீடு முதல் ஜெபக்குறிப்பு. இன்னொருவர் வீட்டு நாயின் கால்வலி இரண்டாவது. மூன்றாவது, என் கணவரின் வேலை.

ஆட்குறைப்பில் அவரை வெளியே அனுப்பியிருந்தார்கள். விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். நாய்க்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை.

கூட்டத்தை நடத்திய பிரதர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜர். ஜெபிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இந்தச் சகோதரனுக்கு ஒரு கதவைத் திறந்தருளும் என்று ஏழு வாரம் கண்ணீர்விட்டார். நாங்களும் ஏழு வாரம் ஆமென் சொன்னோம். அவரிடமே நேராக ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கணவரை நச்சரித்துப் பார்த்தேன். மனிதரிடம் கையேந்துவது விசுவாசக் குறைச்சல் என்பது அங்கே எழுதாத சட்டம். இவரும் அதையே சொல்லிவிட்டு முழங்காலில் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெஸ்யூமேயைப் பரலோகத்துக்கா அனுப்ப முடியும்?

எட்டாவது வாரம், ஆறு நாள் மிச்சமிருக்கையில், கர்த்தர் தனக்குச் செய்ததைப் பிரதர் சாட்சி சொல்ல எழுந்தார். அவர் டீமில் இரண்டு மாதமாக ஆள் கிடைக்காமல் கிடந்த இடத்துக்குக் கர்த்தர் நல்ல ஒருவரை அனுப்பிவிட்டாராம். என்ன வேலை என்பதையும் விவரமாகச் சொன்னார். இவர் பத்து வருடமாகப் பார்த்துவந்த அதே வேலை. எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். என் பக்கத்தில் இவரும் சொன்னார்.

கூட்டம் முடிந்து சாப்பிடப் போகும்போது பிரதரைப் பிடித்து, இவரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவர் முகத்தில் பொய்யே இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

"சிஸ்டர், ஹானஸ்ட்டா எனக்கு தோணவே இல்ல. பிரதரை நான் ப்ரேயர்லதான வெச்சிருந்தேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்கள் கூட்டத்தில் அந்தப் பழமொழியைச் சொல்லக்கூடாது. ஆனால் கர்த்தர் கதவை என்றைக்கோ திறந்துவிட்டார்; இந்த மனுஷன்தான் அதன் குறுக்கே முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்.

ஐம்பத்தொன்பதாம் நாள் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பயணத்துக்காக ஜெபித்துக்கொள்வதாகக் கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. அதற்குக் கீழேயே இன்னொன்று. நாய்க்குக் கால் சரியாகிவிட்டதாம். இவர் அதற்கும் ஆமென் என்று தட்டப் போனார். போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.