தண்ணீருக்குத் தனி பாஸ்

மேரி வந்திருந்தாள். அஞ்சலை அக்கா வந்திருந்தார். செல்வி வந்திருந்தாள். அப்புறம் நான்.

நாங்கள் நாலு பேரும் போன செவ்வாய்க்கிழமை காலை தஞ்சாவூர் பைபாஸில் இருக்கும் ஒரு தீம் பார்க்கின் கவுண்டர் முன்னால் நின்றோம். பார்க்கின் பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்.

நாலு பேரும் நடவு ஆட்கள். ஒரே செட். நடவு ஆட்களிடம் தீம் பார்க் சீசன் பாஸ் எப்படி வந்தது?

மேரியால் வந்தது.

ஐப்பசியில் சம்பா நடவு முடிந்து கையில் கூலி இருந்த சமயம். புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அந்த பார்க் ஆட்கள் குடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் டிக்கெட் அறுநூறு. வருஷ பாஸ் ஆயிரத்து ஐந்நூறு. மூன்று தடவை போனால் லாபம். குடையின் கீழ் இருந்த ஆள் இன்னொன்றும் சொன்னார்.

"வாட்டர் பார்க் கட்டிட்டு இருக்கோம்க்கா. கோடைக்குத் திறந்துடும். இப்பவே வாங்கிடுங்க. அப்புறம் ரேட்டு ஏறிடும்."

மேரிக்கு அது போதும்.

வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் நிற்கிறவளுக்குத் தண்ணீர் மேல் என்ன ஆசை? கேட்கலாம். நடவு வயலில் தண்ணீர் கணுக்கால் வரைதான். முதுகு முழுக்க வெயில். ஆற்றில் போய் விழ வேண்டியதுதானே என்றும் கேட்கலாம். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதம் எங்களுக்கு வேலை ஓடும் மாதம். வேலை இல்லாத மாதத்தில் ஆற்றில் மணல்தான் கிடக்கும்.

"முதுகு நனையணும்க்கா. ஒரு தடவையாவது தண்ணியில மல்லாந்து கிடக்கணும்" என்பாள் மேரி. அவ்வளவுதான் அவள் ஆசை.

அஞ்சலை அக்கா கடைசி வரை முரண்டு பிடித்தார். "ராட்டினத்துக்கு ஆயிரத்தைநூறா? எனக்கு பஸ்ஸுலயே தலை சுத்தும்டி."

மேரி வாக்குக் கொடுத்தாள். "தண்ணியும் சேத்துதான்க்கா. இதுக்கு மேல பாஸுக்குன்னு ஒரு பைசா போவாது. போச்சுன்னா உங்க மூணு பேரு காசையும் நான் திருப்பித் தர்றேன்."

மூன்று பேர் காசு என்றால் நாலாயிரத்து ஐந்நூறு. அவள் வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். சொன்னால் செய்துவிடுவாள். அதுதான் பயம்.

ஏன் அவ்வளவு தைரியமாகச் சொன்னாள்? நாங்கள் ஏன் நம்பினோம்? எங்கள் பக்கம் குத்தகைக்கு நிலம் பேசும்போது தண்ணீரைத் தனியாகப் பேசுவதில்லை. வாய்க்கால் பாயும் நிலம் என்றால் தண்ணீர் அதோடு சேர்த்தி. நிலத்துக்கு ஒரு விலை, அதில் பாயும் தண்ணீருக்கு ஒரு விலை என்று ஒருவர் கேட்டால் ஊர் சிரிக்கும். அந்தப் புத்தியோடுதான் பாஸை வாங்கினோம். பார்க் நம்முடையது என்றால் பார்க்கில் ஓடும் தண்ணீரும் நம்முடையது... அப்படித்தானே?

அப்படி இல்லை.

வாட்டர் பார்க் திறந்தாச்சு என்று கேள்விப்பட்டுத்தான் அன்றைக்குப் போயிருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் மேரியின் பாஸை மெஷினில் காட்டினாள். "அக்கா, இது டிரை பாஸ்."

"டிரைன்னா?" என்றாள் செல்வி.

"தண்ணி இல்லாத பாஸ்."

"தண்ணி இல்லாதது எங்க ஊர்லயே நிறையக் கிடக்குது. அதுக்கு எதுக்கு பாஸு?" என்றார் அஞ்சலை அக்கா.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வாட்டர் பார்க் போறதுன்னா அப்கிரேட் பண்ணணும்க்கா. ஆளுக்கு ஆயிரத்து இருநூறு."

மேரி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கவுண்டருக்கு மேலே பெரிய போர்டு. ராட்டினத்துக்கு மட்டும் என்றால் அதே ஆயிரத்து ஐந்நூறு. ராட்டினமும் தண்ணீரும் சேர்ந்த காம்போ பாஸ், வருஷத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு. செல்வி அதைப் படித்தாள். விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"ஏம்மா... இன்னிக்குப் புதுசா வர்றவங்களுக்கு ரெண்டும் சேத்து ரெண்டாயிரத்து இருநூறு. முன்னாடியே வாங்குன எங்களுக்கு ஆயிரத்தைநூறும் ஆயிரத்து இருநூறும். ரெண்டாயிரத்து எழுநூறா?"

"சிஸ்டம் அப்படித்தான்க்கா எடுக்குது."

கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவன் இலையில் பாயசம் விழவில்லை. பாயசம் அப்போதுதான் அடுப்பில் இருக்கிறது. இரண்டாம் பந்திக்குப் பாயசம் வந்துவிட்டது. முதல் பந்திக்காரனும் ஒரு கரண்டி கேட்கிறான். அவனிடம் மட்டும் காசு கேட்டால் எப்படி இருக்கும்? இன்று எல்லா வியாபாரமும் அப்படித்தான் நடக்கிறது. போன் ரீசார்ஜிலும் புதிதாக வருகிறவனுக்குத்தான் ஆஃபர். பழைய ஆள் எங்கே போய்விடப் போகிறான் என்ற தைரியம்.

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னோம். வந்தார். மரியாதையான மனிதர். கையில் வாக்கிடாக்கி. நாங்கள் குத்தகை வழக்கத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நானும் விவசாயக் குடும்பம்தாம்மா. சீர்காழிப் பக்கம். நீங்க சொல்றது ஆத்துப் பாசனம். இது போர் தண்ணி. போர்க்காரர்கிட்ட தண்ணி வாங்குனா மணிக்கணக்குப் போட்டுக் காசு கொடுக்குறோமா இல்லையா?"

நியாயம்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அஞ்சலை அக்கா மூடவில்லை.

"கொடுக்குறோம் தம்பி. ஆனா எந்தப் போர்க்காரரு பழைய ஆளுக்குக் கூட, புது ஆளுக்குக் கொறச்சன்னு வாங்குறாரு? நீங்களே சொல்லுங்க."

அவர் மேரி பக்கம் திரும்பினார்.

"விக்கும்போது எங்க ஆளு வாட்டர் பார்க் வருதுன்னு சொல்லியிருப்பான். சேத்துன்னு சொன்னானா?"

மேரி பொய் சொல்லியிருக்கலாம். எங்களைத் தவிர சாட்சி கிடையாது.

"சேத்துன்னு சொல்லல சார். தனின்னும் சொல்லல. இப்ப வாங்கலன்னா ரேட்டு ஏறிடும்னாரு. ராட்டினத்துக்கா ரேட்டு ஏறுச்சு? போர்டைப் பாருங்க. தண்ணிக்குத்தானே ஏறியிருக்கு. அப்ப அவரு எதைச் சொல்லி வித்தாரு?"

மேனேஜர் போர்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு பண்றேன். உங்க ஒருத்தருக்கு மட்டும் ஃப்ரீயா போட்டுத் தர்றேன். மத்தவங்க வேணும்னா காசு கட்டட்டும்."

மேரிக்கு வேண்டியது தண்ணீர்தான். கையெட்டும் தூரத்தில் கிடைத்துவிட்டது. எடுத்துக்கொண்டிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் எங்கள் செட்டுக்கு ஒரு முறை உண்டு. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசித்தான் நடவுக்கு இறங்குவோம். ஒருத்தி கை வேகம், ஒருத்தி கை மெதுவு. கடைசி நாற்று முடியும் வரை யாரும் தனியாகக் கரையேறுவதில்லை.

"அது சரிப்படாது சார். இறங்குனா நாலு பேரும் இறங்குவோம்" என்றாள் மேரி.

"அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பாஸ் கவுண்டரை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்ச். நாலு பேரும் அதில் உட்கார்ந்தோம். சத்தம் போடவில்லை. யாரையும் மறிக்கவில்லை. குனிந்த முதுகு நிமிராமல் ஒரு முழுப் பகல் நட்டுப் பழகியவர்கள் நாங்கள். நிழலில், பெஞ்சில், உட்கார்ந்துகொண்டு... எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்போம்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கையில் பாஸ் வைத்திருக்கிற ஆட்கள் என்று எங்களிடம் யோசனை கேட்டார் அந்த வீட்டுக்காரர்.

"எந்த பாஸ் எடுக்கலாம்மா?"

"ரெண்டும் சேந்ததா எடுங்க. ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் பின்னால மாத்துனா ஐந்நூறு கூடப் போவும். எங்களுக்கு அப்படித்தான் ஆயிருக்கு" என்றாள் மேரி.

அவர் யோசித்தார். "சரி... அடுத்த வருஷம் வேற ஏதாச்சும் கட்டுனா?"

"அப்ப நீங்க பழைய ஆளு. இந்த பெஞ்சுல வந்து உக்காரலாம். இடம் இருக்குது" என்றார் அஞ்சலை அக்கா.

அந்த வீட்டம்மா சிரித்துவிட்டார். அவர்கள் சீசன் பாஸ் எடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். அடுத்து வந்தவர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் நடந்ததைத்தான் சொன்னோம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கவுண்டர் பெண் எங்களைப் பார்ப்பதும் வாக்கிடாக்கியில் பேசுவதுமாக இருந்தாள்.

மேனேஜர் திரும்ப வந்தார்.

"என்னம்மா, இப்படி வந்து உக்காந்தா எப்படி?"

"நின்னா கால் வலிக்குது தம்பி" என்றார் அஞ்சலை அக்கா.

"போற வர்றவங்ககிட்டல்லாம் என்ன சொல்றீங்க?"

"கேக்குறதுக்குப் பதில் சொல்றோம் சார். பொய்யா ஏதாச்சும் சொல்லியிருந்தா சொல்லுங்க, எந்திரிச்சுப் போயிடுறோம்" என்றாள் மேரி.

அவர் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசினார். நிறையத் தலையாட்டினார். பிறகு எங்கள் நாலு பாஸையும் வாங்கிக்கொண்டார். பாஸ் முடியும் வரை தண்ணீருக்கும் சேர்த்து அனுமதி. அதிகக் காசு இல்லை. ஆனால் சனி, ஞாயிறு வரக்கூடாது.

"எங்களுக்கு ஏது தம்பி சனி, ஞாயிறு?" என்றார் அஞ்சலை அக்கா.

"இன்னொண்ணு. இதை வெளியில சொல்லக்கூடாது" என்றார் மேனேஜர்.

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களிடம் பழைய பாஸ் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். பெஞ்ச் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர்ப் பக்கம் போனோம். வாசலில் மறுபடி நிறுத்தினார்கள். புடவையோடு இறங்கக்கூடாதாம். நைலான் டிரெஸ்தான் போட வேண்டுமாம். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நாங்கள் அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேரி முன்னால் போய் நாலு பேருக்கும் காசு கட்டிவிட்டாள்.

பேண்ட்டும் பனியனுமாக வெளியே வந்த அஞ்சலை அக்காவுக்கு வெட்கம். "எம் மாமியா பாத்தா உசுரை விட்டுரும்."

"அது போயிச் சேந்துதான் பல வருஷம் ஆச்சேக்கா" என்றாள் செல்வி.

அலை அடிக்கும் குளம் ஒன்று. இடுப்பு ஆழத்துக்குப் போனதும் மேரி அப்படியே பின்னால் சாய்ந்தாள். நான் ஒரு கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை தேவைப்படவில்லை. மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. கூப்பிட்டோம். காது தண்ணீருக்குள் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. நாங்களும் மறுபடி கூப்பிடவில்லை.

கரையேற மாட்டேன் என்று அடம்பிடித்தவர் யார் தெரியுமா? அஞ்சலை அக்காதான். விசில் அடித்து வெளியேற்றினார்கள்.

சாயங்காலம் கும்பகோணம் பஸ்ஸில் திரும்பினோம். தலை காயவில்லை. பஸ் பைபாஸைத் தாண்டியதும் அஞ்சலை அக்கா பர்ஸை எடுத்தார்.

"டிரெஸ் வாடகை எவ்வளவு மேரி?"

"விடுங்கக்கா."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"முந்நூத்தி இருவது. அது எங் கணக்கு. ஒரு பைசா போவாதுன்னு நான்தானே சொன்னேன்?"

"பாஸுக்குத்தானேடி சொன்ன. பேண்ட்டுக்குமா சொன்ன? கையை நீட்டு."

மேரி கையை நீட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அஞ்சலை அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து விரலைப் பிரித்துவைத்தார். அவர் வைத்தார். செல்வி வைத்தாள். நான் வைத்தேன்.

ஆளுக்கு எண்பது.