கப் அக்காவின் நாற்பத்தொரு வீடுகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அக்காவின் மகள் அழைத்தாள்.

"சித்தி, அம்மா போயிட்டாங்க. பல் தேச்சிட்டு வந்து நாற்காலில உக்காந்தாங்க. ஆபீஸுக்கு நேரமாச்சேன்னு தட்டி எழுப்புறேன்..."

இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். அந்தப் பெண்ணுக்கு நான் ரத்த உறவு இல்லை. அவள் அம்மாவோடு ஆறு ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததால் சித்தி ஆனவள்.

எங்கள் அலுவலகம் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது. ஸ்ட்ராபெர்ரி போன்ற பெர்ரி பழங்களை அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறதா? இதற்காகப் பல ஆயிரம் பேரிடம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆண்டுதோறும் கேட்டு எழுதுகிறோம். யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று நீண்ட காலம் பார்க்க வேண்டும். விடை இன்னும் தெரியாது. அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்பவர். நான் அந்தப் படிவங்களைக் கணினியில் ஏற்றுபவள். அளவு காட்டுவதற்காக அவர் பையில் ஒரு கண்ணாடிக் கோப்பை இருக்கும். "இந்தக் கப்பால வாரத்துக்கு எத்தனை?" என்பார். அந்தத் தெருக்களில் அவருக்குக் கப் அக்கா என்றே பெயர்.

அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் துணிக்கடையில் பில் போட்டவர். கணவர் குடல் புற்றுநோயால் இறந்த பிறகு இங்கே வந்தார். ஏன் இந்த வேலை என்று நேர்காணலில் கேட்டதற்கு, "நானும் பொண்ணும் ஆளுக்கொரு மூலைல உக்காந்திருக்கோம் சார். யார்கிட்டயாவது பேசணும்" என்றாராம்.

இந்த ஆண்டு அவருடைய நாற்பத்தொரு வீடுகளின் படிவங்களை ஏற்றும்போது எண்கள் உறுத்தின. மற்ற இடங்களில் வாரத்துக்கு அரைக் கோப்பையைக்கூட எட்டாத பழம், இவருடைய தெருக்களில் மூன்று, நான்கு என்று இருந்தது. இந்த ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காட்டியது நான்தான், இதை எழுதாமல் விட முடியாது.

டாக்டர் அவரை அறைக்குள் அழைத்துக் கேட்டது கண்ணாடித் தடுப்பைத் தாண்டி என் காதில் விழுந்தது.

"வீட்ல உக்காந்து நீங்களே எழுதினீங்களா?"

அக்காவின் குரலும் கேட்டது. "ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறியிருக்கேன் டாக்டர்."

வேலை போயிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். பொய் எழுதினவள் என்ற பெயரைத் தாங்கியிருக்கமாட்டார். டாக்டர் ஒரு மாதம் கொடுத்தார். எல்லா வீடுகளிலும் வேறொருவர் மறுபடி கேட்க வேண்டும். அக்கா உள்ளே கால் வைக்கக் கூடாது. அந்த வேறொருவராக நானே போனேன். வழி காட்ட அவர் கூட வருவார். நான் உள்ளே கேட்கும்போது மாடிப்படியிலோ நடைபாதை ஓரத்திலோ குடையோடு உட்கார்ந்திருப்பார்.

முதல் வீட்டில் ஒரு தையற்காரர். ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கப் அக்கா வரலயா?"

"வெளிய இருக்காங்க."

குரலைத் தாழ்த்தினார். "அப்போ உண்மைய எழுதிக்கோம்மா. நான் அந்தப் பழமே வாங்குறதில்ல. போன வருஷம் யாரோ குடுத்தாங்கன்னு ரெண்டு தின்னேன்."

"பின்ன ஏன் மூணு கப்புன்னு சொன்னீங்க?"

"மொதல்ல ஒரு கப்புன்னு சும்மா சொன்னேன். அந்தம்மா முகத்தைப் பாக்கணுமே, என்னமோ நான் ஆபரேஷன் முடிஞ்சு பொழச்சு வந்துட்ட மாதிரி. அப்புறம் குறைச்சு சொல்ல வாய் வருமா? அவங்ககிட்ட போட்டுக்குடுத்துடாதே."

சுமைதூக்கும் ஒருவரின் வீட்டில் அவர் மனைவி சிரித்தார். "இவருக்கு அந்தப் பழம் செவப்பா கருப்பான்னுகூடத் தெரியாது. இல்லன்னு சொன்னா அக்கா வாடிப்போயிடுவாங்கன்னு நாலு கப்பு சொல்லிட்டாரு."

வெளியே வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்ப்பார். "எழுதியாச்சுக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஐந்தாம் நாள் அக்கா படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எங்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க, இல்ல?"

"ஆமாக்கா."

"எல்லாருமா?"

"முக்காவாசிப் பேரு."

குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "படுபாவிங்க. இவங்க யாருக்கும் ஒண்ணும் வராதுன்னு நான் நிம்மதியா தூங்கிட்டிருந்தேன்டி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எல்லாம் இந்த மூஞ்சியால வந்த வினை. அடுத்த தடவை பேப்பரைப் பாத்துக்கிட்டேதான் கேக்கணும்."

போன வெள்ளிக்கிழமை, நாற்பது வீடுகள் முடிந்ததும், பெரிய டாக்டர் எங்கள் மேசைக்கே வந்தார். "உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். அக்கா எழுந்து நின்று, "பரவால்ல டாக்டர். நானும் நாப்பத்தொரு பேர்கிட்ட சரியா கேக்கல" என்றார். அன்று என் டப்பாவிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டார்.

மீதி இருந்தது ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வீடு. மகன் வீட்டுக்குப் போயிருந்தார். வியாழக்கிழமை திரும்பிவிடுவார் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள்.

இன்று வியாழன். மாலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். "வந்துட்டேம்மா. எப்ப வேணாலும் வாங்க. கப் அக்கா தெருவுலயே உக்காந்திருந்தாங்கன்னு அடுத்த வீட்ல சொன்னாங்க. இந்தத் தடவை அவங்களும் உள்ள வரட்டும்."

அக்காவைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. மறுபடி கேட்பதற்கான புதுப் படிவத்தில் அவருடைய பெயர், வயது, முகவரி எல்லாம் அக்கா முன்பே எழுதி வைத்த கையெழுத்தில் இருக்கின்றன. பழத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.